கல் பங்களாவும் தாத்தாவின் ரோடு மேப்பும்

ஊட்டி அரசு கலைக் கல்லூரியில் வரலாறு படிக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய தாத்தா கோத்தகிரிப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் லாரி ஓட்டியவர். துரை ஊருக்குக் கிளம்பும்போது கொடுத்துவிட்டுப் போன நீலகிரி ரோடு மேப் ஒன்று டிரங்குப் பெட்டியில் இருந்து கிடைத்திருக்கிறது. துணி மேல் ஒட்டி மடித்த மேப். வருடம் எங்கும் அச்சாகவில்லை, ஓரம் வெட்டப்பட்டிருக்கிறது. ரயில் ஊட்டி வரை இருக்கிறது, சிங்காராவில் மின் நிலையம் குறித்திருக்கிறது, முக்குருத்தியில் ஏரி இல்லை, அவலாஞ்சியில் ஏரி இல்லை, தூரமெல்லாம் மைலில். கல்லூரி இருக்கும் இடத்தில் "ஸ்டோன் ஹவுஸ்" என்றும் அரசு அலுவலகங்கள் என்றும் மட்டும் ஆங்கிலத்தில் இருக்கிறது, ஆனால் பக்கத்திலேயே பென்சிலால் தமிழில் "காலேஜ்" என்று எழுதியிருக்கிறது. அவர் கேட்பது மூன்று. மேப் எந்தக் காலத்தது? கல்லூரிக்கு 200 வயது என்று சிலர் சொல்கிறார்களே, அது சரியா? இதை விற்றால் என்ன கிடைக்கும்?

தம்பி, நானும் அதே கல்லூரியில் படித்தவன். அப்புறம் வேலைக்காலம் முழுக்க ரோடு வரைபடங்களோடுதான் இருந்தேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

சுருக்கமான பதில் முதலில். உங்கள் மேப்பில் இருக்கும் விவரங்கள் 1932க்கும் 1938க்கும் இடைப்பட்டவை. உங்கள் கல்லூரி தொடங்கியது 1955ல். அது உட்கார்ந்திருக்கும் கட்டடம் 1822ல் ஆரம்பித்தது. இந்த மூன்று வருடங்களையும் ஒன்றோடு ஒன்று கலக்காமல் வைத்துக்கொண்டால் உங்கள் குழப்பம் பாதி தீர்ந்துவிடும்.

மேப்பின் காலத்தை எப்படிச் சொன்னேன் என்பதைக் கட்டாயம் விளக்க வேண்டும், ஏனென்றால் பலரும் காகிதம் பழுப்பாக இருக்கிறது, துணி ஒட்டியிருக்கிறது என்று பார்த்துவிட்டு "நூற்றைம்பது வருஷம் இருக்கும்" என்று சொல்லிவிடுவார்கள். காகிதம் பழுப்பாவதற்கு நம் மலையில் முப்பது மழைக்காலம் போதும். துணியில் ஒட்டுவதும் ரொம்ப நாள் இருந்த வழக்கம்: மேப்பைக் கட்டம் கட்டமாக வெட்டி, துண்டுகளுக்கு நடுவே மயிரிழை இடைவெளி விட்டு லினன் துணியில் ஒட்டுவார்கள், அப்போது மடிப்பு விழுவது துணியில், காகிதம் கிழியாது. பையில் போட்டுக்கொண்டு அலைகிறவர்களுக்காகச் செய்தது. அப்படி ஒட்டும்போது ஓரத்தை நறுக்கிவிடுவார்கள், சர்வே ஆண்டும் அச்சு ஆண்டும் அந்த ஓரத்தில்தான் இருக்கும். உங்கள் மேப்பில் தேதி இல்லாததற்கு அநேகமாக இதுதான் காரணம்.

ஆகவே மேப்புக்கு உள்ளே என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று பார்க்க வேண்டும். நீலகிரி மேப்புக்கு ரயில்தான் முதல் அடையாளம். மேட்டுப்பாளையத்துக்கு ரயில் வந்தது 1873ல், குன்னூருக்கு 1899ல், ஊட்டிக்கு 1908ல். குன்னூரோடு தண்டவாளம் நின்றுபோன மேப் ஒன்று கிடைத்தால் அது அந்த ஒன்பது வருட இடைவெளியைச் சேர்ந்தது, வேறு சாட்சியே வேண்டாம். உங்களுடையதில் ஊட்டி வரை இருப்பதால் 1908க்குப் பிறகு. அடுத்து சிங்காரா மின் நிலையம். பைக்காரா ஆற்றுத் தண்ணீரை மலையிலிருந்து குழாயில் அங்கே இறக்கி மின்சாரம் எடுக்க ஆரம்பித்தது 1932ல், அதனால் அதற்கும் பிறகு. முக்குருத்தி அணை 1938. உங்கள் மேப்பில் அங்கே வெறும் ஆறுதான் ஓடுகிறது. குந்தா மின் திட்ட வேலை 1950களின் நடுவில்தான் தொடங்கியது, அவலாஞ்சி, எமரால்டு, அப்பர் பவானி என்று இன்று டூரிஸ்ட்டுகள் போட்டோ எடுக்கும் ஏரிகள் எல்லாம் அந்தத் திட்டத்தில் வந்தவை, அதற்கு முன்னால் அங்கே ஏரி என்று எதுவும் கிடையாது.

ஒரு எச்சரிக்கை மட்டும் உண்டு. சர்வே செய்த வருடம் வேறு, அச்சிட்ட வருடம் வேறு. பழைய அச்சுத் தகட்டையே வைத்துப் பத்து வருடம் கழித்து மறுபடி அச்சடிப்பார்கள், புதிதாக வந்த அணையைச் சேர்க்காமல் விட்டுவிடுவார்கள். அதனால் "1932க்கு முன்னால் இல்லை" என்பதை நான் உறுதியாகச் சொல்வேன். 1938 என்ற மேல் வரம்பை அவ்வளவு அழுத்திச் சொல்ல மாட்டேன். ஒரு பொருள் மேப்பில் இருப்பது பலமான சாட்சி, இல்லாமல் இருப்பது கொஞ்சம் பலவீனமான சாட்சி. எந்தப் பழைய மேப்பை எடுத்தாலும் இதை மனதில் வையுங்கள்.

வேறு மேப் கைக்கு வந்தால் பார்க்க இன்னும் சில இடங்களைச் சொல்லி வைக்கிறேன். வெலிங்டனுக்கு ஜக்கதளா என்று பெயர் போட்டிருந்தால் 1860க்கு முந்தைய விவரம். வென்லாக் டவுன்ஸ் என்ற பெயர் இருந்தால், அது 1891 முதல் 1896 வரை கவர்னராக இருந்தவர் பெயரில் வந்தது, அதற்கு முன்னால் அந்தப் புல்வெளிக்கு அந்தப் பெயர் கிடையாது. கூடலூர்ப் பக்கம் மலபார் மாவட்டத்தில் இருந்தால் 1877க்கு முன்னால், அந்த வருடம்தான் தென்கிழக்கு வயநாடு நீலகிரியோடு சேர்ந்தது. பவானிசாகர் அணை இருந்தால் 1955க்குப் பிறகு. பர்மா ஷெல் பெட்ரோல் கம்பெனியின் முத்திரை இருந்தால் 1928க்கும் 1976க்கும் நடுவில், ஏனென்றால் அந்தப் பெயரில் கம்பெனி இருந்த காலமே அவ்வளவுதான். மாநிலத்தின் பெயர் தமிழ்நாடு என்று இருந்தால் 1969க்குப் பிறகு. மேடு பள்ளத்தைச் சின்னச் சின்ன மயிர்க்கோடுகளால் காட்டியிருந்தால் பழசு, சம உயரக் கோடு போட்டிருந்தால் அதற்குப் பிந்தியது. ஒரு மைலுக்கு ஒரு அங்குலம் என்ற அளவு மைல் காலத்தைச் சேர்ந்தது, ஐம்பதாயிரத்தில் ஒன்று என்று இருந்தால் மெட்ரிக் வந்த பிறகு.

இனி ரோடுகளுக்கு வருகிறேன், எனக்கு மிகவும் பிடித்த பகுதி. உங்கள் மேப்பை மேசையில் விரித்து, மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை விரல் வைத்துப் பாருங்கள். தடித்த கோடாக பர்லியார் வழியாக வளைந்து வளைந்து ஏறுவது புது குன்னூர் காட் ரோடு. பெயர்தான் புதுசு, அது திறந்தது 1871ல். கர்னல் லா அமைத்த சரிவு அது, லாஸ் அருவி அவர் பெயர்தான். அதற்குப் பக்கத்திலேயே, கல்லாறிலிருந்து குன்னூருக்கு, புள்ளிக்கோடாக இன்னொன்று நேராக ஏறும். அது பழைய குன்னூர் காட், 1830க்கும் 1832க்கும் இடையில் லஷிங்டன் கவர்னராக இருந்தபோது முர்ரே என்ற அதிகாரியின் பயனியர் படை, அதாவது பாதை போடும் ராணுவப் பிரிவு, வெட்டியது. நாற்பது வருடம் இந்த மலைக்கு வந்த முக்கால்வாசிப் பேர் அதில்தான் ஏறினார்கள், குதிரையிலும், தோளில் தூக்கும் டோலியிலும். டோலியைத் தூக்கியவர்களும் பாதையை வெட்டியவர்களும் எந்த மேப்பிலும் இல்லை. ரோட்டுக்கு வைத்த பெயர் எல்லாம் அதிகாரிகள் பெயர். எனக்கு இது நாற்பது வருடமாக உறுத்துகிறது.

அதற்கும் முந்தைய ஏற்றம் கோத்தகிரிப் பக்கம், உங்கள் தாத்தா ஊர்ப் பக்கம். 1821ல் சிறுமுகையிலிருந்து கோத்தகிரிக்குப் பாதை வெட்ட ஆரம்பித்தார்கள், மெக்பெர்சன் என்பவர் பொறுப்பில், 1823ல் முடிந்தது. இன்று எல்லோரும் ஊட்டி ஊட்டி என்கிறார்கள், ஆனால் வெள்ளைக்காரர்கள் முதலில் தங்கியது கோத்தகிரிப் பக்கம் திம்பட்டியில். ஊட்டிக்குப் போனது பிறகுதான். மேற்கே பாருங்கள், அவலாஞ்சியைத் தாண்டி சிஸ்பாரா என்று ஒரு பெயர் இருக்கும், அங்கிருந்து மலபாருக்கு ஒரு மெல்லிய கோடு இறங்கும். கப்பலில் கோழிக்கோட்டில் வந்து இறங்குபவர்கள் நேராக மலை ஏறட்டும் என்று 1830களில் போட்ட பாதை. மழையும் காடும் அதைத் தின்றுவிட்டன. வேறு ரோடுகள் வந்ததும் கைவிட்டார்கள். இன்று அது முக்குருத்தி தேசியப் பூங்காவுக்குள் கிடக்கிறது, நீங்களும் நானும் சும்மா போக முடியாது. உங்கள் மேப்பில் மட்டும் அது இன்னும் பாதைதான்.

இந்தப் பாதைகளுக்கு முன்னால் மலையை அளந்தவர்கள் வருகிறார்கள், இங்கேதான் மேப்புக் கதையும் கல்லூரிக் கதையும் ஒன்றாகச் சேர்கின்றன. 1794ல் மைக்கேல் டாப்பிங் மதராஸில் ஒரு சர்வே பள்ளி ஆரம்பித்தார், எட்டே மாணவர்களோடு. சங்கிலி பிடித்து அளக்கவும் படம் வரையவும் கற்றுக்கொண்ட பையன்கள் அங்கிருந்து மாகாணம் முழுவதும் உதவி சர்வேயர்களாகப் போனார்கள். அந்தப் பள்ளிதான் வளர்ந்து வளர்ந்து சிவில் இன்ஜினியரிங் கல்லூரியாகி, 1920ல் கிண்டிக்கு இடம் மாறி, இன்று கிண்டி பொறியியல் கல்லூரி என்று நமக்குத் தெரிகிறது. அதன் அஸ்திவாரமே மேப் போடுவதுதான். நீலகிரிக்கு 1812ல் வில்லியம் கீஸ் என்ற உதவி சர்வேயரும் மெக்மஹோனும் அனுப்பப்பட்டார்கள், கோயம்புத்தூர் கலெக்டருக்கு அறிக்கை கொடுத்தார்கள். கீஸ் கிளம்பிய இடம் தண்ணாயக்கன் கோட்டை, அது இன்று பவானிசாகர் அணைக்குள் முழுகிக் கிடக்கிறது. அப்புறம் 1821லும் 1822லும் பி. எஸ். வார்டு வந்து ஒழுங்காக அளந்தார். பழனி மலையையும் 1821ல் அளந்தவர் இதே வார்டுதான்.

சரி, கல்லூரிக்கு 200 வயது என்ற பேச்சு. கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819ல் மலைக்கு வந்தார், 1822ல் ஊட்டியில் ஸ்டோன் ஹவுஸ் கட்ட ஆரம்பித்தார். ஊட்டியில் எழுந்த முதல் ஐரோப்பிய வீடு அதுதான், நம் ஆட்கள் அதைக் கல் பங்களா என்றார்கள். நிலம் தோடர்களுடையது. ஏக்கருக்கு ஒரு ரூபாய் என்று வாங்கியதாகச் சொல்வார்கள். வாங்கியது என்ற சொல்லை நான் கொஞ்சம் தயங்கித்தான் எழுதுகிறேன், எருமை மேய்ந்த புல்வெளிக்கு விலை என்ற ஒன்று உண்டு என்று அதுவரை அந்த மக்களிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். பிறகு 1870 வாக்கிலிருந்து மதராஸ் அரசாங்கம் கோடைக்கு கோப்போடும் குமாஸ்தாவோடும் ஊட்டிக்கு ஏறி வர ஆரம்பித்தது, அந்த மேடு முழுக்க தலைமைச் செயலகமாகிவிட்டது. உங்கள் மேப்பில் ஸ்டோன் ஹவுஸ் பக்கத்தில் அரசு அலுவலகங்கள் என்று அச்சாகி இருப்பது இதனால்தான். சுதந்திரத்துக்குப் பிறகு கோடைத் தலைநகர் என்ற தேவை போய்விட்டது, கட்டடங்கள் மிஞ்சின, 1955ல் அங்கே அரசு கலைக் கல்லூரி வந்தது. சல்லிவன் இறந்தது 1855ல், சரியாக நூறு வருடம் கழித்து அவருடைய வீட்டு வாசலில் படுகர் வீட்டுப் பிள்ளைகளும் எஸ்டேட் லைன் வீட்டுப் பிள்ளைகளும் பட்டப்படிப்புக்கு வரிசையில் நின்றார்கள். அதுவரை டிகிரி படிக்க பெரும்பாலும் கோவைக்கு இறங்க வேண்டும், ஹாஸ்டல் செலவுக்கு வழியில்லாதவன் பள்ளிக்கூடத்தோடு நின்றுவிடுவான். கல்லூரி முதலில் மதராஸ் பல்கலைக்கழகத்தில் இருந்தது, 1982ல் பாரதியார் பல்கலைக்கழகம் வந்த பிறகு அதன் கீழ் வந்தது.

2022ல் ஊட்டி 200 என்று அரசு விழா எடுத்தது, அதிலிருந்துதான் இந்த 200 வயது கல்லூரி மேலும் ஒட்டிக்கொண்டது என்று நினைக்கிறேன். வீட்டின் வயதைக் கல்லூரிக்குக் கொடுக்காதீர்கள். கொடுத்தால் கல்லூரிக்குப் பெருமை கூடாது, குறையும். 1955ல் ஒரு அரசாங்கம் இந்த மலைப் பிள்ளைகளுக்காகக் கல்லூரி திறந்தது என்பது எவ்வளவு பெரிய விஷயம், அதை மறைத்துவிட்டு ஒரு கலெக்டர் வீடு கட்டிய வருடத்தை எதற்குத் தூக்கிப் பிடிக்க வேண்டும்?

இதற்கு நேர் எதிரான கணக்கு நம் மலையிலேயே இருக்கிறது. வெலிங்டனில் இருக்கும் பாதுகாப்புப் படைகளின் ஸ்டாஃப் காலேஜ் 1905ல் தேவ்லாலியில் ஆரம்பித்தது, 1907ல் குவெட்டாவுக்குப் போனது, பிரிவினையில் குவெட்டா பாகிஸ்தானுக்குப் போனதும் 1947ல் இந்தியப் பங்கு வெலிங்டனுக்கு வந்தது. அங்கே கல்லூரிக்கு வயது அதிகம், இடத்துக்கு வந்தது பிறகு. உங்கள் கல்லூரியில் கட்டடத்துக்கு வயது அதிகம், கல்லூரி வந்தது பிறகு. கிண்டியில் 1794ல் தொடங்கிய பள்ளிக்கு அந்த இடம் கிடைத்ததே 1920ல்தான். பழைய கல்லூரி எதுவாக இருந்தாலும் அதன் பலகையில் இருக்கும் வருடத்தைப் பார்த்தவுடன், இது படிப்புக்கா, கட்டடத்துக்கா, இடத்துக்கா என்று கேளுங்கள். அந்தந்தக் காலத்து ரோடு மேப் இரண்டை எடுத்து வைத்தால் பெரும்பாலும் பதில் வந்துவிடும். ரோடு எந்த வாசலுக்குப் போகிறது, அந்த வாசலுக்கு என்ன பெயர் எழுதியிருக்கிறது என்பதை அது காட்டிவிடும். உங்கள் துறையில் புராஜெக்ட் செய்யச் சொன்னால் இதையே எடுத்துக்கொள்ளலாம்.

இப்போது அந்தப் பென்சில் எழுத்து. நீங்கள் அதைப் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள், எனக்கு உங்கள் கேள்வியில் அதுதான் பெரிதாகப் பட்டது. மேப் 1930களுடையது, "காலேஜ்" என்பது 1955க்குப் பிறகுதான் எழுதப்பட்டிருக்க முடியும். அதாவது உங்கள் தாத்தா கையில் வந்தபோதே மேப் பழசாகிவிட்டது, அவர் அதைத் தன் கையால் புதுப்பித்திருக்கிறார். அவலாஞ்சி, எமரால்டு பக்கம் நன்றாகப் பாருங்கள், வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள், அங்கேயும் பென்சிலில் ஏதாவது கோடு, "டேம்" என்று ஏதாவது இருக்கலாம். குன்னூர் காட் ரோட்டில் நான்கு இடத்தில் சின்ன வட்டம் போட்டிருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். என் ஊகம், அது ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றும் இடங்கள். அந்தக் கால லாரி சுமையோடு மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறினால் சூடாகி நின்றுவிடும், ஊற்று எங்கே ரோட்டோரம் விழுகிறது என்று டிரைவருக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும், புதிதாக வரும் கிளீனர் பையனுக்குக் காட்டக் குறித்து வைப்பார்கள். பாட்டி இருந்தால் கேளுங்கள். அவரோடு கிளீனராக ஓடியவர் யாராவது இருந்தால் இந்த வாரமே போய்க் கேளுங்கள், தள்ளிப் போடாதீர்கள்.

அச்சு மேப்பில் விட்டுப்போனது இன்னும் நிறைய. ஹட்டிக்கும் ஹட்டிக்கும் நடுவில், அதாவது தங்கள் ஊர்களுக்கு நடுவில், படுகர்கள் நடந்த பாதை, தோடர் குடியிருப்பான மந்துக்குப் போகும் எருமைத் தடம், இவையெல்லாம் ரோடு மேப்பில் ஏறவில்லை, மோட்டார் போகாத வழி என்பதால். பொறங்காடு, தொதநாடு, மேக்குநாடு, குந்தெ என்று மலையைப் பிரித்த நான்கு சீமைகளின் பெயர் பழைய சர்வே மேப்பில் இருக்கும், பின்னால் வந்த ரோடு மேப்பில் காணாமல் போய்விடும். உங்கள் தாத்தா பென்சிலில் அப்படி ஏதாவது குறுக்கு வழி போட்டிருந்தால் அது வேறு எந்தப் பிரதியிலும் இருக்காது.

விற்பது பற்றி. இந்த வகை மேப் ஆயிரக்கணக்கில் அச்சானது, சந்தையில் பெரிய விலை எதிர்பார்க்க வேண்டாம். துணி கிழிந்து, ஓரம் வெட்டி, பென்சில் கிறுக்கல் இருந்தால் வியாபாரி இன்னும் குறைப்பார், "அழித்துக் கொடுத்தால் கூடத் தருகிறேன்" என்றும் சொல்வார். தயவுசெய்து ரப்பரை எடுக்காதீர்கள். இன்னொன்று, வரலாற்று மதிப்புள்ள ஆவணம் 75 வருடத்துக்கு மேல் பழையதாக இருந்தால் 1972ம் வருடத் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும், அனுமதி இல்லாமல் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. ஆன்லைனில் வெளிநாட்டுக்காரர் யாராவது கேட்டால் அவசரப்பட்டு பார்சல் போட்டுவிடாதீர்கள்.

பத்திரப்படுத்துவதற்கு முதல் வேலை லேமினேஷன் பண்ணாமல் இருப்பது. நான் இளவயதில் ஒரு பழைய கூடலூர் மேப்பை ஒரு கடையில் கொடுத்து லேமினேட் செய்தேன். சூட்டில் பசை உருகி, உள்ளே ஈரம் மாட்டிக்கொண்டு, மூன்றே வருடத்தில் நடுவில் கறுப்புப் பூசணம் படர்ந்தது, பிரிக்கவும் முடியவில்லை, அது போனது போனதுதான். செல்லோடேப்பும் வேண்டாம், அந்தப் பசை மஞ்சளாகிக் காகிதத்தைத் தின்றுவிடும். மடிப்பைப் பிரித்துத் தட்டையாக வைக்க இடம் இருந்தால் அதுதான் நல்லது. அமிலம் இல்லாத காகிதம் இரண்டு தாள் வாங்கி மேலேயும் கீழேயும் போட்டு, சுவரை ஒட்டாத அலமாரியில் வையுங்கள். ஊட்டியில் ஜூன் தொடங்கி சுவரே வியர்க்கும், உங்களுக்கே தெரியும். மழை விட்ட வெயில் நாளில் மாதம் ஒரு தடவை திறந்து, நிழலில் ஒரு மணி நேரம் காற்றாட விடுங்கள், நேர் வெயிலில் வேண்டாம்.

அதற்கு முன்னால் போட்டோ எடுங்கள். ஜன்னல் ஓரத்தில், ஃபிளாஷ் இல்லாமல், ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனியாக, பின்பக்கத் துணியையும் சேர்த்து. துணியின் மூலையில் சில சமயம் ஒட்டிய கடையின் முத்திரையோ வாங்கியவர் கையெழுத்தோ தேதியோ இருக்கும், அது கிடைத்தால் நான் மேலே சொன்ன 1938 என்ற வரம்பைச் சரிபார்த்துவிடலாம். பென்சில் எழுத்து இருக்கும் இடங்களை மட்டும், பக்கவாட்டில் டார்ச் அடித்து, இன்னொரு முறை நெருக்கமாக எடுங்கள்.

எடுத்ததும் அந்த நான்கு வட்டங்களும் எந்தெந்த மைலில் வருகின்றன என்று எழுதுங்கள். காட் ரோட்டில் நான் நடக்காத வளைவு இல்லை, எந்த ஊற்று இன்னும் ஓடுகிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.